சுண்டுகிற கை

டேப் முப்பத்து மூன்றில் நின்றது. "நெஞ்சு முப்பத்தெட்டு," என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார் தையல்காரர்.

நோட்டும் பென்சிலுமாக நின்ற மச்சினன் நிமிர்ந்து பார்த்தான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அளவுக்காகக் கையை விரித்து நின்றது அவனுடைய அப்பா. தையல்காரருக்கு அவர் மாமனார். ஆறு மாதமாக நோயில் கரைந்துகொண்டிருந்தார். வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. போட்டுக்கொள்ளப் புதுச் சட்டை வேண்டும் என்று அவரே நடந்து கடைக்கு வந்திருந்தார்.

"என்ன மாப்ள, பென்சில் எழுதலையா? எழுது. தோள் பதினெட்டு."

தோள் பதினாறுகூட இருக்காது. அவன் பதினெட்டு என்று எழுதினான்.

"பழைய அளவேதான் மாமா. ஒரு நூல்கூட மாறலை," என்று டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டார் தையல்காரர்.

நாலு நாளில் சட்டை வந்தது. உடம்போடு ஒட்டினாற்போல் அவ்வளவு பொருத்தம். நோட்டில் எழுதிய எந்த அளவையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை; கண்ணும் கையும் பார்த்ததை மனசில் வைத்தே வெட்டியிருந்தார். அப்பா கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "ஊர்ல இருக்கிறவன்லாம் இளைச்சுட்டே, இளைச்சுட்டேங்கிறான். அவனுங்களுக்கு வேற வேலை இல்லை," என்றார். அந்தச் சட்டையோடு கல்யாண வீட்டு வாசலில் நின்று எல்லாரையும் வாங்க வாங்க என்று அழைத்தார். அதைப் பற்றித் தையல்காரர் ஒரு நாளும் பேசியதில்லை. மச்சினனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் "அப்படியா, எனக்கு ஞாபகம் இல்லையே" என்றுதான் சொல்லியிருப்பார்.

தையல்காரருக்குக் காஜா என்று பட்டப்பெயர். பாதிப் பேர் அதை அவருடைய சொந்தப் பெயர் என்றே நினைத்திருந்தார்கள். பட்டன் நுழைகிற ஓட்டைக்கு ஓரம் கட்டுவதற்குத்தான் காஜா எடுப்பது என்று பெயர். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு அவர் முதலில் கற்றுக்கொண்ட வேலை அது. ஊசி குத்தி, நூலை வளைத்து, முடிச்சு விழும் நேரம் பார்த்துச் சுண்டி இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் முடிச்சு தளர்ந்துவிடும். பலமாக இழுத்தால் துணி சுருங்கும். வெடுக்கென்று ஒரு சுண்டு. ஒரு காஜாவுக்கு முப்பது, நாற்பது சுண்டு. ஒரு சட்டைக்கு ஏழு காஜா. ஐம்பது வருஷத்தில் எத்தனை சுண்டு என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

பிறகு மிஷினில் காஜா எடுக்கும் வசதி வந்தது. அவர் மட்டும் கையை விடவில்லை. "மிஷின் காஜா பல்லு கட்டுன மாதிரி. கை காஜா சொந்தப் பல்லு," என்பார். காலையில் கடையைத் திறந்ததும் மிஷின் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இரண்டு கையையும் சேர்த்து ஒரு நிமிஷம் நிற்பார். அதற்குள் யாராவது வந்து "அண்ணே, பேன்ட் ரெடியா?" என்று கேட்டால் பதில் வராது. கடவுளோடு பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்பது அவருடைய கட்சி.

அறுபதாவது வயதில், ஒரு மதியம், சாப்பிட்டுக் கை கழுவும்போது செம்பு நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாய் கோணியது. பக்கவாதம் லேசாகத் தட்டியிருக்கிறது, நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் மருத்துவர். கடவுள் புண்ணியத்தில் இரண்டு மாதத்தில் பேச்சு திரும்பியது. நடையும் திரும்பியது. வலது கையைத் தூக்கலாம், மடக்கலாம், டம்ளரைக்கூடப் பிடிக்கலாம். ஆனால் கட்டை விரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் உணர்ச்சி இல்லை. ஊசி எடுக்கிற விரல்கள் அந்த மூன்றுதான்.

ஒரு நாள் சட்டைக் காலரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஏதோ தீய்கிற வாசனை வந்ததும் துணியைத் தூக்கிப் பார்த்தார். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. தீய்ந்தது அவருடைய விரல்.

அன்றைக்குக் கடையைப் பூட்டியவர் அப்புறம் திறக்கவில்லை.

அதன் பிறகு வீட்டில் அவர் பேச்சு குறைந்துபோனது. ஒரு தடவை மட்டும் மனைவியிடம், அதாவது மச்சினனின் அக்காவிடம், சொன்னாராம்: "கும்பிடுறப்போ ஒரு கைக்கு இன்னொரு கை இருக்கிறது தெரியலை. பாதி ஆள் கும்பிடுற மாதிரி இருக்கு." அக்கா இதைப் போனில் தம்பியிடம் சொல்லும்போது அழவில்லை. அழுதிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நாலு மாதம் பொறுத்த கடைச் சொந்தக்காரர், நல்ல மனிதர்தான், வீட்டுக்கே வந்து கேட்டார். "தொறக்கிறீங்களா, சாவியைத் தர்றீங்களா? ஏதோ ஒண்ணு சொல்லுங்க அண்ணே. கேக்கிறதுக்கே எனக்குச் சங்கடமா இருக்கு." மாதக் கடைசிக்குள் சொல்கிறேன் என்றார் தையல்காரர். அதற்குப் பதினைந்து நாள் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மச்சினன் வந்து, "அத்தான், கிளம்புங்க. படகுல ஒரு சுத்து போயிட்டு வரலாம்," என்றான்.

மச்சினன் படகுப் பட்டறையில் இன்ஜின் மெக்கானிக். பாலம் வருவதற்கு முன்னால் ஆட்களை அக்கரை சேர்த்துக்கொண்டிருந்த ஒரு பழைய மரப்படகைப் பாலம் வந்ததும் சேற்றில் தள்ளிவிட்டார்கள். அதைக் கேட்டு வாங்கி, நாலு வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உட்கார்ந்து சரிசெய்திருந்தான். உள்ளே இரண்டு பலகைப் படுக்கை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, மேலே தார்ப்பாய். வருஷத்தில் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆற்று முகத்தில் கிளம்பி, உப்பங்கழி உப்பங்கழியாக நுழைந்து, கடலோரமாகவே மெதுவாகப் போய்த் திரும்புவான். எதற்கு என்று கேட்டால் சும்மா என்பான். அவன் மனைவிக்குப் படகைப் பார்த்தாலே குமட்டும். அதனால் எப்போதும் தனியாகத்தான் போவான்.

"என்னால என்ன மாப்ள ஆகும்? நான் ஒரு சுமை."

"சுமை இல்லாத படகு ஆடும் அத்தான். வாங்க."

அக்காவும் ஏறிக்கொண்டாள். தண்ணீர் என்றால் அவளுக்குப் பயம். படகின் நட்டநடுவில் ஒரு தலையணையைப் போட்டு உட்கார்ந்தவள், "ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு பார்த்துக்கிறேன்," என்றாள். பத்து நாளும் அந்த இடத்தை விட்டு அவள் அதிகம் நகரவில்லை. சமையல்கூட அங்கிருந்தே கையை நீட்டித்தான்.

முதல் நாள் முழுக்கத் தையல்காரர் கரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். இன்ஜின் டுக்கு டுக்கு என்று ஒரே சீராக ஓடியது. கரையில் துணி காய்ந்தது, மாடு மேய்ந்தது, ஒரு பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ஓடின. அவர் வலது கை மடியில் கிடந்தது, யாரோ கொடுத்து வைத்திருக்கச் சொன்ன பொருள் மாதிரி.

சாயங்காலம் ஒரு கழிமுகத்தில் இன்ஜினை நிறுத்தி நங்கூரம் போட்டான் மச்சினன். வாளியிலிருந்து மீன் தலை ஒன்றை எடுத்துப் பருத்தி நூல் கயிற்றில் கட்டினான்.

"தூண்டில் முள்ளு எங்கடா?" என்று கேட்டார் தையல்காரர்.

"முள்ளு கிடையாது. நண்டு மாட்டாது அத்தான், அதுவே பிடிச்சுக்கும். பிடிச்சதை விட மனசு வராது. நாம தூக்கிறது அதுக்குத் தெரியாம தூக்கணும். அவ்வளவுதான் வித்தை."

"பேராசைக்காரனா?"

"நம்மள மாதிரிதான்."

கயிறு தரையைத் தொடும் வரை விட்டு, ஆள்காட்டி விரல் மேல் ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். நண்டு வந்து கொறித்தால் சின்னதாக ஒரு துடிப்பு. இழுத்துக்கொண்டு போனால் கயிறு இறுகும். அப்போது மூச்சு விடுகிற வேகத்தில் தூக்க வேண்டும். நிழல் தெரிகிற ஆழத்துக்கு வந்ததும் இன்னொரு கையால் பிடிவலையை அடியில் கொடுக்க வேண்டும். மச்சினன் சொல்லிக்கொண்டே ஒன்றைத் தூக்கினான். வலையில் நுரை கக்கிக்கொண்டு கிடந்த நண்டைத் தையல்காரர் கிட்டே போய்ப் பார்த்தார்.

"ஒரு கை பெருசு, ஒரு கை சின்னது. இவனுக்குச் சட்டை தைக்கிறவன் செத்தான்," என்றார். மாதக்கணக்கில் அவர் சொன்ன முதல் கேலி அது. நடுப்படகில் இருந்து அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

கொடுக்கைக் கட்டுவதற்காகப் பின்பக்கமாகப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தான் மச்சினன். தையல்காரர் வலது கையை நீட்டிப் பிடித்தார். பிடித்தபடியே கழியில் தண்ணீர் ஏறுவதைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அக்காதான் கத்தினாள்.

"ஐயோ, விரலு! விரலைப் பாருங்க!"

நண்டு அவர் ஆள்காட்டி விரலைக் கொடுக்கால் கவ்வியிருந்தது. ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. அவர் குனிந்து, யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் பார்த்தார். மச்சினன் கொடுக்கை உடைத்து எடுத்தான். அக்கா மஞ்சளை வைத்துக் கட்டினாள்.  நண்டு வெந்தது, உப்பும் மிளகும் போட்டு அக்கா கொடுத்தாள். அவர் இடது கையால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்றார்.

மச்சினனுக்கு மனசு கேட்கவில்லை. ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும் என்று, "அத்தான், நண்டுக்குக் கொடுக்கு போச்சுன்னா மறுபடி முளைச்சிரும், தெரியுமா?" என்றான்.

"நான் நண்டு இல்ல மாப்ள," என்றார் அவர்.

மறுநாள் காலையில் அவரே வந்து கயிற்றைக் கேட்டார். மருத்துவர் அந்தக் கைக்கு வேலை கொடுக்கச் சொல்லியிருக்கிறார், சும்மா உட்கார்ந்தால் மனசு கண்டபடி ஓடுகிறது என்றார். மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் ஆழமில்லாத இடம் வந்தால் நிறுத்தினார்கள். தண்ணீர் டீ நிறத்தில் கலங்கிக் கிடந்தது. ஒரு முழத்துக்குக் கீழே கயிறு தெரியாது.

முதல் நண்டு வந்தது. கயிறு இறுகியதுதான் தாமதம், தையல்காரரின் கை வெடுக்கென்று மேலே போனது. மீன் தலை தண்ணீருக்கு வெளியே வந்து ஆடியது. நண்டு போயே போய்விட்டது.

"மெதுவா அத்தான், மெதுவா. சுண்டாதீங்க."

"சரி சரி."

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். மதியத்துக்குள் ஏழு நண்டு கைக்கு எட்டி நழுவியது. மச்சினன் பொறுமைசாலிதான். ஆனால் இன்ஜின்காரனுக்குப் பழுது என்று தெரிந்த ஒன்று திரும்பத் திரும்ப நடந்தால் பொறுக்காது.

"நண்டுக்கென்ன பட்டனா தைக்கிறீங்க? ஏன் இப்படி வெடுக்குன்னு இழுக்கிறீங்க?"

"நானா இழுக்கிறேன்? கை இழுக்குது."

"கைக்குச் சொல்லுங்க."

"அம்பது வருஷமா அது சொல்லி நான் கேட்டிருக்கேன். இப்ப நான் சொன்னா கேட்குமா?"

அக்கா சிரித்துவிட்டாள். "வீட்டுலயும் அப்படித்தான். துண்டைக் கொடுடின்னு கேட்பாரு, நீட்டினா வெடுக்குன்னுதான் பிடுங்குவாரு. நான் கோபமா இருக்காருன்னு ஆறு மாசம் பயந்துகிட்டு இருந்தேன், கல்யாணமான புதுசுல."

சாயங்காலம், மச்சினன் டீசல் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், தையல்காரர் யாரிடமும் சொல்லாமல் கயிற்றை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். இடது கை அவசரமில்லாத கை. அது காஜா எடுத்ததே இல்லை. துணியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்த கை. கயிறு இறுகியதும் அது மெதுவாக மேலே வந்தது. அக்கா பயத்தை மறந்து ஓரத்துக்கு வந்து வலையைக் கொடுத்தாள். நல்ல கனமான நண்டு. ஆனால் திருப்பிப் பார்த்தால் அடி வயிற்றில் முட்டை. மச்சினன் வந்து அதைத் தண்ணீரில் விட்டான்.

"ஒண்ணு கிடைச்சுது, அதுவும் பிள்ளைத்தாய்ச்சி," என்றார் தையல்காரர். ஆனாலும் முகம் தெளியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கரையைப் பார்த்தபடியே, "ஊருக்குப் போனதும் சாவியைக் கொடுத்துடறேன் மாப்ள," என்றார். "இடது கையால நண்டு பிடிக்கலாம். காலர் வைக்க முடியாது."

 அக்கா அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள்.

மூன்றாம் நாள் விடிந்ததும் மச்சினன் டீசல் பில்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கை அழுக்கை எடுத்துக்கொண்டிருந்தது, மனசு வேறெங்கோ இருந்தது. இன்ஜின் திக்கினால் எங்கே திக்குகிறது என்று பார்ப்பவன் அவன். எப்போது திக்குகிறது என்றும் பார்க்க வேண்டும். அதில்தான் பாதிப் பழுது பிடிபடும். அத்தான் எப்போது சுண்டுகிறார்? சும்மா இருக்கும்போது சுண்டுவதில்லை. படகு ஆடும்போதும் இல்லை. பாசி மாட்டினால்கூட இல்லை. நண்டு பிடிக்கும் அந்த நொடியில்தான். ஏழு தடவையும்.

அவன் பில்டரை அப்படியே தட்டில் போட்டுவிட்டு எழுந்தான்.

"அத்தான், கயித்தை எடுங்க. வலது கையில."

"வேண்டாம்டா. விடு."

"எனக்காக. ஒரே ஒரு தடவை. கண்ணை மூடிக்கணும்."

"இது என்ன விளையாட்டு?"

"விளையாட்டுதான். மூடுங்க."

தையல்காரர் சலித்துக்கொண்டே கண்ணை மூடினார். கயிறு கீழே போனது. நேரம் ஆனது. எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது. கயிறு மெல்லத் துடித்தது, அப்புறம் இறுகியது. கை வெடுக்கென்று மேலே போனது.

"போச்சு," என்று கண்ணைத் திறந்தார். "பார்த்தியா? இதுக்குத்தான் சொன்னேன்."

"ஏன் சுண்டினீங்க?"

"நூல் இறுகுச்சு, சுண்டினேன். பழக்கம்டா. எத்தனை தடவை சொல்றது?"

"கண்ணை மூடியிருந்தீங்களே. நூல் இறுகுனது உங்களுக்கு யார் சொன்னா?"

 தையல்காரர் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். நடுப்படகில் அக்கா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேடா," என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது.

"உங்களுக்குத் தெரியலை. விரலுக்குத் தெரிஞ்சிருக்கு. இல்லைன்னா அது எப்படி சரியா அந்த நேரம் பார்த்துச் சுண்டும்? நேத்து முழுக்க நான் உங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேன். மடையன் நான்."

"தற்செயலா இருக்கும்."

"எட்டு தடவையுமா?"

அவர் கண்களை மூடிக்கொண்டார். இம்முறை யாரும் சொல்லவில்லை. கயிற்றைத் தாமாகவே தண்ணீருக்குள் விட்டார். உதடு அசைந்தது. அவர் வேண்டிக்கொண்டாரா, எண்ணிக்கொண்டாரா என்று தெரியவில்லை. நண்டு வந்தது. கை சுண்டியது. நண்டு போனது. மறுபடி விட்டார். மறுபடி சுண்டியது.

அன்றைக்குச் சாயங்காலம் வரை அந்தப் படகில் நடந்ததை வேறு யாராவது பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். ஒவ்வொரு நண்டும் தப்பிப் போகும்போது மச்சினன் கை தட்டினான். "போச்சு அத்தான், அருமை! இன்னொண்ணு விடுங்க." வாளியில் இருந்த மீன் தலையெல்லாம் தீர்ந்தது. அக்கா காய்ந்த ரொட்டியையும் வெங்காயத்தையும் தட்டில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"நண்டு பிடிக்கப் போனீங்களா, நண்டுக்கு விருந்து வைக்கப் போனீங்களா? அக்கம்பக்கத்து நண்டெல்லாம் தின்னுட்டு உங்களை வாழ்த்திட்டுப் போயிருக்கும்."

சொன்னவள் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆண்டவன் கொடுக்கிறபோது கதவைத் தட்டிக் கொடுப்பதில்லை. நாம் தப்பு என்று திட்டிக்கொண்டிருக்கிற ஒன்றுக்குள் அதை வைத்துவிட்டு அவன் போய்விடுகிறான்.

நடந்ததைக் கூட்டிச் சொல்லக் கூடாது. அந்த நாளே விரலில் உணர்ச்சி திரும்பிவிடவில்லை. சூடு தெரியவில்லை, முடி உரசினால் தெரியவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டியதை அவிழ்த்துக் காயத்தை அழுத்தினால் ஏதோ தூரத்தில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தூரத்துச் சத்தத்துக்குக் காது கொடுக்க அவர் கற்றுக்கொண்டார். ஐந்தாம் நாள், ஆறாம் நாளெல்லாம் அவருக்கு அதே வேலை. கயிற்றை விரலில் ஓடவிட்டுக்கொண்டு, "கொறிக்குது", "விட்டுட்டான்", "பெரியவன் வந்திருக்கான்" என்று வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே இருப்பார். பாதி தப்பாக இருக்கும். பாதி சரியாக இருக்கும்.

எட்டாம் நாள் காலையில், "சரி மாப்ள. இப்ப சுண்டாம இருக்கிறது எப்படின்னு சொல்லிக் கொடு," என்றார்.

அது முன்னதைவிடக் கஷ்டம். உடம்பில் ஊறிய பழக்கத்தை, அது இருப்பதே பெரிய வரம் என்று தெரிந்த பிறகு, அடக்க வேண்டும். மச்சினன் ஒரு வழி சொன்னான். கயிறு இறுகினால் உடனே தூக்காமல், வாயில் ஒரு பேரைச் சொல்ல வேண்டும். பெயர் முடிந்ததும்தான் கை அசைய வேண்டும்.

"யார் பேரு?"

"உங்க இஷ்டம். கடவுள் பேரைச் சொல்லுங்க."

"நண்டைக் கொல்ல கடவுள் பேரா? வேண்டாம்." யோசித்தார். "கடை ஓனர் பேரைச் சொல்றேன். அவர் பேரு நீளம்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அது பலித்தது. இரண்டு தடவை பெயர் பாதியில் நிற்கும்போதே கை சுண்டிவிட்டது. மூன்றாவது தடவை பெயர் முழுசாக முடிந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, தைத்த துணியிலிருந்து ஊசியை உருவுவதுபோல், கயிற்றை மேலே கொண்டுவந்தார். டீ நிறத் தண்ணீருக்குள் முதலில் ஒரு நிழல், அப்புறம் ஒரு கொடுக்கு, அப்புறம் ஓடு தெரிந்தது. மச்சினன் மூச்சுவிடாமல் வலையை அடியில் கொடுத்தான்.

ஆண் நண்டு. உள்ளங்கை அகலம். தையல்காரர் ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். பின்பக்கமாக, சரியான இடத்தில், வலது கையால் பிடித்தார். கொடுக்கைக் கட்டினார். கட்டி முடித்து நூலை ஒரு சுண்டு சுண்டினார்.

"இது சுண்ட வேண்டிய இடம்," என்றார்.

அன்று இரண்டு கையையும் சேர்த்து நீண்ட நேரம் நின்றார். முழு ஆளாகக் கும்பிட்டாரா, முக்கால் ஆளாகவா என்று மச்சினன் கேட்கவில்லை. கடவுளோடு பேசும்போது குறுக்கே பேசக் கூடாது.

மாதக் கடைசியில் அவர் கடைச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார். சாவி சட்டைப் பையிலேயே இருந்தது. "தொறக்கிறேன்," என்றார். கோட்டு, பேன்ட் எல்லாம் விட்டுவிட்டார். வெட்டுவதற்கு ஓர் ஆள் வைத்துக்கொண்டார். ஓரம் அடிப்பதும் காஜா எடுப்பதும் மட்டும் அவர். ஒரு காஜாவுக்கு முன்பெல்லாம் ஐந்து நிமிஷம், இப்போது இருபது. "முதலாளி பதவியில இருந்து இறக்கிட்டாங்க," என்று வருகிறவர்களிடம் சொல்லுவார். சில காஜா கோணலாக இருக்கும். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஒரே ஒரு வாத்தியார் மட்டும் கோணல் காஜாவைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது உங்க கைதானே? அப்போ சரி," என்று சட்டையை வாங்கிக்கொண்டு போனாராம்.

மறு வருஷமும் மூன்று பேரும் போனார்கள். அந்தத் தடவை பதினான்கு நண்டு பிடித்தார். கணக்கு வைத்தது அக்கா. அதற்கு அடுத்த மழைக்காலத்தில், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர், எழுப்பப் போனபோது எழுந்திருக்கவில்லை. அவர் அதிகம் கஷ்டப்படாமல் போனதை அக்கா கடவுளிடம் குறையாகச் சொல்வதா, நன்றியாகச் சொல்வதா என்று தெரியாமல் இரண்டையும் சொன்னாள். மச்சினன் தகவல் கேட்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதனால் அவன் அவரைக் கடைசியாகப் பார்த்தது அந்த இரண்டாவது பயணம் முடிந்து படகுத்துறையில்தான். தண்ணீர் வற்றிப் படகு கீழே இறங்கியிருந்தது. துறைப் படி உயரமாக இருந்தது. அக்காவை முதலில் ஏற்றிவிட்டு, மேலே நின்று அவருக்குக் கை கொடுத்தான். உடம்பு சரியில்லாமல் போன நாளிலிருந்து அந்த வலது கையைப் பிடிக்கும்போது அவன் எப்போதும் இறுக்கிப் பிடிப்பான். அந்த விரல்கள் எப்போது நழுவும் என்று அவற்றுக்கே தெரியாது என்ற பயம். அன்றும் மணிக்கட்டோடு சேர்த்து விரல்களை நெரித்துப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினான். அவர் மேலே வந்து நின்றார். அவன் விடவில்லை. அவர் கையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், முகம் முழுக்கச் சிரித்தார்.

"மெதுவாடா மாப்ள," என்றார். "வலிக்குது."